மேளகாரர் பெயர்

பங்குனியும் சித்திரையும் பெருந்துறை வட்டாரத்துக்கு நோம்பிக் காலம். மாரியம்மன் கோயிலில் பூச்சாட்டி, மூன்று கவை விரிந்த கம்பத்தை நட்டுவிட்டால், கம்பம் பிடுங்கும் நாள் வரைக்கும் இரவுகள் மேளத்தின் வசம். சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்து வந்தவர், தறியை நிறுத்திவிட்டு வந்தவர், விடுமுறைக்கு வந்த கல்லூரிப் பையன் என்று ஊரே கம்பத்தைச் சுற்றி ஆடுகிறது. ஈரோட்டில் பெரிய மாரியம்மன் உள்ளிட்ட மூன்று கோயில்களின் கம்பங்களும் கடைசி நாளில் ஊர்வலமாகப் போய்க் கருங்கல்பாளையத்தில் காவிரியில் விடப்படுகின்றன. அன்றைக்கு நகரின் கடைவீதிகளில் மஞ்சள் நீரும் மேளமும் தவிர வேறு எதற்கும் இடமில்லை.

ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் நடக்கும் ஒரு வேலையைப் பலர் கவனிப்பதில்லை. கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, சோளத்தட்டையோ காய்ந்த தென்னோலையையோ கொளுத்தி, மேளகாரர்கள் தப்பட்டையை அனலில் காட்டுகிறார்கள். விரலால் சுண்டிப் பார்க்கிறார்கள். மறுபடி காட்டுகிறார்கள். தோல் விறைத்து, குரல் உச்சத்துக்கு ஏறிய பிறகுதான் குச்சி கைக்கு வரும். பனி இறங்க இறங்கத் தோல் தளரும். நள்ளிரவில் மீண்டும் தீ மூட்ட வேண்டும். எவ்வளவு சூடு போதும், எந்த நொடியில் தோல் வெடித்துவிடும் என்பதை எந்தப் புத்தகமும் சொல்வதில்லை. தகப்பன் செய்வதைப் பார்த்து மகனின் கை பழகிக்கொண்ட அறிவு அது.

கருவியின் கட்டுமானமும் எளிதில் பிடிபடுவதல்ல. வளைவாக இழைத்த மூன்று மரத்துண்டுகளை இரும்புப் பட்டையால் இணைத்து வட்டமாக்குகிறார்கள். மயிர் நீக்கிப் பதப்படுத்திய தோலைப் புளியங்கொட்டைப் பசையால் இழுத்து ஒட்டுகிறார்கள். வலக்கையில் குட்டையான அடிக்குச்சி, இடக்கையில் நீண்டு மெலிந்த சுண்டுக்குச்சி. ஒன்று தாளத்தை நிலைநிறுத்துகிறது, மற்றது அந்தத் தாளத்தின் இடைவெளிகளில் ஓடுகிறது. சாமிச்சாட்டு அடி, சப்பரத்து அடி, டப்பா அடி, ஒத்தையடி, மாரடிப்பு அடி, மருள் அடி, வாழ்த்தடி எனத் தமிழ்நாட்டுப் பறைக்காரர்களிடம் அடிகளுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. அடிகளுக்கு இத்தனை பெயர் வைத்த மரபில் அடித்தவர்களின் பெயர் மட்டும் பெரும்பாலும் எழுதப்படவில்லை.

கொங்கில் தப்பட்டை எனப்படும் பறை தனியாக வருவதில்லை. அடிவயிற்றை அதிரவைக்கும் திடும் கூட வரும். உருமி, பம்பை, கோயிலைப் பொறுத்துத் தாரையும் கொம்பும் சேரும். ஊதுவதும் அடிப்பதும் சேர்ந்த இந்தக் கூட்டு உலகின் பல சமூகங்களில் ஊரின் அடையாளமாக நிற்கிறது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், சாம்பல் புதனுக்கு அடுத்த திங்கட்கிழமை அதிகாலை 4 மணிக்குத் தெருவிளக்குகள் அத்தனையும் அணைக்கப்படும். அந்த இருட்டில் ஆயிரக்கணக்கானவர்கள் சிறு குழலும் மேளமுமாக ஒரே நேரத்தில் நடக்கத் தொடங்குவார்கள். மூன்று நாள் நீளும் அந்த விழாவை 2017இல் யுனெஸ்கோ மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. வங்கி ஊழியரும் மருத்துவரும் பள்ளிப் பிள்ளைகளும் அங்கே ஒரே குழுவில் வாசிக்கிறார்கள். ஆண்டு முழுக்கப் பயிற்சி எடுத்துக்கொள்கிறார்கள். பழைய சுவிஸ் கூலிப்படையினரோடு ஐரோப்பாவின் போர்க்களங்களுக்குப் போன குழலும் மேளமும் இன்று அந்த நகரத்துக் குடிமக்களின் கையில் இருக்கின்றன. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் மூடஸ் என்ற சிற்றூரின் மேளக் குழு 1860இல் தொடங்கியது. அத்தகைய குழுக்கள் ஒன்றுகூடும் கோடைத் திருவிழா அந்த வட்டாரத்தின் பெருமை. அந்த ஊர்களில் மேளக் குழுவில் இருக்கிறேன் என்று சொல்வது மரியாதைக்குரிய அறிமுகம்.

வட அயர்லாந்தில் கதை வேறு. அங்கும் குழலும் பெரிய லம்பெக் மேளமும் உண்டு, ஊர்தோறும் குழுக்கள் உண்டு. ஆனால் ஒரு சமூகத்தின் மேளம் இன்னொரு சமூகத்தின் தெரு வழியே போகலாமா என்பதில் 1990களின் நடுவில் போர்ட்டடவுன் நகரில் ஆண்டுதோறும் மோதல் வெடித்தது. கடைசியில் 1998இல் ஊர்வலங்களை முறைப்படுத்தவே ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. கொங்கு நாட்டார் இதைப் படித்தால் தங்கள் ஊரை நினைக்காமல் இருக்க முடியாது. இங்கே நிலைமை தலைகீழ். மேளத்துக்கு எல்லாத் தெருவும் திறந்திருந்தது. சாமி வர மேளம் வேண்டும், பிணம் எடுக்க மேளம் வேண்டும், ஊர்க்கூட்டம் என்று அறிவிக்க மேளம் வேண்டும். அதைத் தோளில் மாட்டியவர் செருப்போடு அந்தத் தெருவில் நடக்க முடியாது. அதே தெருவின் டீக்கடையில் அவருக்குத் தனி டம்ளர். ஊருக்கு வெளியே இருக்கும் தன் வளவிலிருந்து வந்து விடியும்வரை அடித்துவிட்டு, வாசலுக்கு வெளியே நின்று கூலி வாங்கிக்கொண்டு வளவுக்கே திரும்ப வேண்டும். களத்தில் தூற்றி முடிந்ததும் அளந்து போடும் தானியமும், இழவு வீட்டில் ஊற்றிக் கொடுக்கும் சாராயமும் அந்தக் கூலியில் சேர்த்தி.

இசைக்கும் பெயருக்கும் உள்ள உறவைப் பேச இந்த மண்ணிலேயே ஒரு பழைய சான்று இருக்கிறது. ஈரோட்டிலிருந்து காங்கேயம் போகும் சாலையில் அறச்சலூர். அங்குள்ள நாகமலைக் குகைத்தளத்தில் தமிழ் பிராமியில் பொறித்த தாள எழுத்துகளைப் புலவர் செ. இராசு வெளியுலகுக்குக் கொண்டுவந்தார். வரிக்கு ஐந்தாக ஐந்து வரிகள். இடமிருந்து வலமாகவோ மேலிருந்து கீழாகவோ எப்படிப் படித்தாலும் ஒரே அடைவு வரும்படி ஆடற்சொற்கட்டுகளை அமைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே, அந்த எழுத்துகளைச் சேர்த்தவன் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்ற குறிப்பும் உண்டு. வண்ணக்கன் என்றால் பொன்னும் மணியும் சோதிப்பவன். இசையில் ஈடுபாடு கொண்ட ஒரு வணிகச் சூழலின் மனிதன், தன் பெயரைக் கல்லில் விட்டுச் செல்லும் வசதியும் உரிமையும் அவனுக்கு இருந்தன. அந்தச் சொற்கட்டுக்கு அன்று யார் அடித்தார்கள் என்று கல் சொல்லவில்லை. சங்க நூல்களில் பறைக்கு இடம் இருக்கிறது. ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருளில் ஒன்றாகப் பறையைத் தொல்காப்பியம் எண்ணுகிறது. மாங்குடி கிழார் பாடிய புறநானூற்று 335ஆம் பாட்டு, துடியன், பாணன், கடம்பனோடு பறையனையும் நாட்டின் குடிகளாகச் சொல்கிறது. குடிக்குப் பெயர் இருந்தது, ஆளுக்கு இல்லை.

ஆள் பெயர் இல்லாத கலையை விட்டுப்போகிறவர்களைக் குறை சொல்ல யாருக்கும் வாயில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தலித் இயக்கங்கள் வலுப்பெற்றபோது, சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று தமிழ்நாட்டின் பல ஊர்களில் இளைஞர்கள் நின்றார்கள். சில இடங்களில் மேளத்தையே தீயில் போட்டார்கள். அடித்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தப்பட்ட ஒருவன் அடிக்க மாட்டேன் என்று சொன்னது, அந்தக் கருவியின் நெடிய வரலாற்றில் மிகப் பெரிய நிகழ்வு. அந்த மறுப்பு நடந்ததால்தான் பிற்பாடு ஒருவர் தானே விரும்பி அதைத் தோளில் மாட்டிக்கொள்ள வழி பிறந்தது. மரபு அழிகிறதே என்று வருந்தும் கட்டுரைகள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன.

கொங்கின் மேற்கு விளிம்பில், நீலகிரி மலைமேல், இதே சிக்கல் இன்னும் முன்னாலேயே எழுந்தது. அங்குள்ள கோத்தர் பழங்குடியினரின் கொள் என்னும் குழலும் தப்பட்டை வகைக் கருவிகளும் தலைமுறை தலைமுறையாகப் படகர்களின் இறுதிச் சடங்குகளில் ஒலித்தன. 1930களில் படகர்களில் சீர்திருத்தம் பேசிய பிரிவினர் அந்த இசையே இனி வேண்டாம் என்றார்கள். பழையதைப் பிடித்துக்கொண்டவர்கள் எதிர்த்தார்கள். அந்த ஆண்டுகளில் நீலகிரியில் ஆய்வு செய்த டேவிட் மண்டல்பாம் இந்தப் பிளவைப் பதிவு செய்திருக்கிறார். கோத்தர்கள் தங்கள் இசையைத் தங்கள் தெய்வத்துக்கும் தங்கள் சடங்குக்கும் வைத்துக்கொண்டார்கள். பிறகு வந்த இசையாய்வாளர் ரிச்சர்ட் உல்ஃப் அந்த இசைக்கே தன் ஆய்வின் பெரும்பகுதியைக் கொடுத்தார். ஊருக்கு ஊழியமாக இருந்தபோது கிடைக்காத கவனம், தமக்காக வாசித்தபோது கிடைத்தது.

மறுப்புக்குப் பிறகு மீட்பு. அதன் தடங்கள் பெரும்பாலும் தெற்கிலிருந்து வருகின்றன. மதுரையில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் தியோபிலஸ் அப்பாவு கிராமத்து மெட்டையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி மையத்தில் தலித் இளம்பெண்கள் பறை கற்றார்கள். பெண் தொடக் கூடாது என்றிருந்த கருவியை அவர்கள் இடுப்பில் அணைத்து ஆடியபோது, சாதித் தடை, பால் தடை இரண்டுமே ஒரே அடவில் உடைந்தன. முனைவென்றி கிராமத்தின் குறிஞ்சி மலர் குழுவைப் பற்றி அமெரிக்க இசையாய்வாளர் ஸோயி ஷெரினியன் 2011இல் ஓர் ஆவணப்படம் எடுத்தார். இதுவும் இசைதான் என்பது அந்தப் படத்தின் தலைப்பிலேயே இருக்கும் வாதம். 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம், நகரத்துப் பூங்காக்களிலும் கடற்கரையிலும் கிராமியக் குழுக்களை மேடையேற்றியது. கோவையில் நிமிர்வு கலையகம், சாதியோ பாலோ பார்க்காமல் வருகிற எவருக்கும் பறை சொல்லிக்கொடுக்கிறது. கோவையில் வளர்ந்த ஒரு மென்பொருள் பொறியாளர் சனிக்கிழமை மாலையில் பறை தூக்கிப் பயிற்சிக்குப் போவது, அவருடைய பாட்டனார் காலத்தில் கற்பனைக்கும் எட்டாதது. 2017 ஜனவரியில் சல்லிக்கட்டுக்காகக் கோவை வ.உ.சி. மைதானத்தில் கூடிய கூட்டத்தின் நடுவில் பறை முழங்கியபோது, அது யாருடைய கருவி என்று அங்கே எவரும் கேட்கவில்லை.

வெளிநாடு என்பது இந்த வட்டாரத்துக்குப் புதிய சொல் இல்லை. பெருந்துறை வட்டத்திலேயே, நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணல், மேற்குக் கடற்கரையின் முசிறியையும் சேரர் தலைநகரான கரூரையும் இணைத்த பெருவழியில் இருந்த தொழில்நகரம். பதிற்றுப்பத்து அதைக் கொடுமணம் என்கிறது. அங்கே கடைந்த கல்மணிகளுக்குத் தொலைநாடுகளில் சந்தை இருந்தது. இசையும் பிற்காலத்தில் அப்படியே கடல் கடந்தது, முதலில் ஒலிநாடாவாக. கனடாவைச் சேர்ந்த மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1960களின் நடுவில் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி, அண்ணன்மார் கதையை உடுக்கடிப் பாட்டாகவே நாள்கணக்கில் பதிவு செய்தார். பின்னர் அதை நூலாக்கினார், உயிரோவியத் தொடராகவும் ஆக்கினார். பாடியவர்கள் ஊரைத் தாண்டாதிருந்த காலத்தில் அவர்கள் குரல் பெருங்கடலைத் தாண்டியது.

இன்று ஆட்களே போகிறார்கள். வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவையின் ஆண்டு விழாக்களில் பறை நீங்காத நிகழ்வாகிவிட்டது. அமெரிக்க நகரங்களில் குடியேறிய தமிழர்கள் தாங்களே குழு அமைத்துப் பழகுகிறார்கள். அங்கே பறை தமிழின் முகம். இங்கே ஊரில் தலைமுறைகளாக அதைத் தொடாத குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே பெருமையோடு அதை மாட்டிக்கொள்கிறார்கள். கருவி இங்கிருந்து போனபோது அதன்மேல் ஒட்டியிருந்த இழிவு விமானம் ஏறவில்லை. இதில் மகிழ ஏராளம் இருக்கிறது. கேட்டே ஆக வேண்டிய கேள்வியும் இருக்கிறது. நியூ ஜெர்சியில் பறை அடிக்கும் இளைஞர் கோடை விடுமுறைக்குப் பெருந்துறை வந்து இறங்கும்போது, தன் ஊர்க் கோயில் வாசலில் அடிக்கும் பெரியவரை என்ன சொல்லி அழைக்கிறார்? "வாங்கய்யா, உக்காருங்க" என்று திண்ணையில் இடம் கொடுக்கிறாரா? தன் மேடையில் தான் ஆசான் என்று கொண்டாடுகிறவரின் அண்ணனோ தம்பியோதான் இவர் என்பது அவருக்குத் தோன்றுகிறதா?

சிங்கப்பூர் இன்னொரு பாடம். பொதுப் பாதையில் ஒழுங்கு கருதி 1973இல் தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்குத் தடை வந்தது. காவடி எடுப்பவரின் வலியைத் தாங்கவைப்பது மேளம்தான் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள் பக்தர்கள். 2015இல் உருமி தொடர்பான தகராறில் கைதுகளே நடந்தன. அடுத்த ஆண்டிலிருந்து குறிப்பிட்ட சில இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. பக்கத்து மலேசியாவிலோ உருமி மேளக் குழு வைத்திருப்பது தமிழ் இளைஞர்களிடையே பெரும் மோகம். பத்துமலைப் படிகளின் அடிவாரத்தில் அவர்கள் சட்டையில் குழுவின் பெயரை அச்சடித்துக்கொண்டு நிற்கிறார்கள். தோட்டத் தொழிலாளியாகப் போன தலைமுறையின் பேரப்பிள்ளைகள் மேளத்தின் மீது தங்கள் பெயரை எழுதிவிட்டார்கள். சென்னிமலைக்கும் பழனிக்கும் காவடி எடுக்கும் கொங்கு நாட்டில் அதே உருமிக்காரர் இன்னும் பெயரில்லாமல்தான் முன்னால் நடக்கிறார்.

மாற்றம் அரசு வழியிலும் வருகிறது, மெதுவாக. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் இருக்கிறது; கலை பண்பாட்டுத் துறை பகுதிநேரப் பயிற்சி மையங்கள் நடத்துகிறது; அரசுப் பள்ளிக் கலைத் திருவிழாக்களில் பிள்ளைகள் பறையோடு மேடை ஏறுகிறார்கள். 2024இல் மேட்டுப்பாளையம் பக்கத்து வள்ளி ஒயில் கும்மி ஆசிரியர் பத்ரப்பனுக்கு 87 வயதில் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆண்களின் ஆட்டத்தைப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். மறு ஆண்டு, 2025இல், அலங்காநல்லூர் சமர் கலைக்குழுவின் வேலு ஆசானுக்குப் பறையிசைக்காக அதே விருது. அடுத்தடுத்து வந்த இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கொங்கில் கும்மியும் பெருஞ்சலங்கை ஆட்டமும் இன்று நூற்றுக்கணக்கானோர் ஒரே நிற உடையில் ஆடும் பெருமேடை நிகழ்ச்சிகளாகிவிட்டன. ஆடுபவருக்குப் பாராட்டு, பயிற்றுநருக்குப் பொன்னாடை, தலைமை தாங்குபவருக்கு மாலை. ஆட்டத்தைத் தூக்கி நிறுத்தும் மேளத்துக்கு மேடையின் ஓரம்.

சந்தையும் தன் பங்குக்கு நெருக்குகிறது. பாலக்காட்டுக் கணவாய் பக்கத்தில் இருப்பதால் கோவை, திருப்பூர், ஈரோட்டுக் கல்யாணங்களிலும் கும்பாபிஷேகங்களிலும் செண்டை மேளம் வந்து நின்றுவிட்டது. சிவாலயங்களில் கயிலாய வாத்தியக் குழுக்கள், அம்மன் கோயில்களில் ஜமாப். இவர்கள் யாரையும் குறை சொல்வதற்கில்லை, வாசிப்பில் உழைப்பு இருக்கிறது. ஆனால் செண்டைக்காரருக்கு முன்பணம், வண்டி, சாப்பாட்டுக்குப் பந்தியில் இடம் எல்லாம் பேசி முடித்துக்கொண்டு கூப்பிடுகிற அதே விழாக் கமிட்டி, உள்ளூர்த் தப்பட்டைக்காரரிடம் "வந்து அடிச்சுட்டுப் போங்க, பார்த்துத் தர்றோம்" என்கிறது. இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில்தான் ஒரு மேளக் குழுவின் எதிர்காலம் தொங்குகிறது. மகனைக் கல்லூரிக்கு அனுப்பிய மேளகாரர் அவனை இந்தப் பக்கம் வராதே என்று சொன்னால், அதற்குக் காரணம் இசை அல்ல, அந்தப் பேச்சுதான்.

மேளகாரரின் பிள்ளைக்கு மேளத்தைத் தொடாமல் இருக்கவும் முழு உரிமை வேண்டும். பொறியாளர் விரும்பிக் கற்கலாம் என்றால், இவன் விரும்பி விடலாம். மரபைக் காப்பாற்றும் பாரத்தை மறுபடியும் வளவின் தலையிலேயே ஏற்றுவது பழைய கட்டளையைப் புதிய சொல்லில் சொல்வதாகும். காக்க வேண்டும் என்று நினைக்கிற ஊர், முதலில் கற்றுக்கொள்ள வர வேண்டும். கற்பிக்கும் பெரியவருக்கு ஆசான் என்ற இடமும் மாதச் சம்பளமும் தர வேண்டும். தோல் பதப்படுத்தவும் மரம் இழைக்கவும் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போக, ஃபைபர் தோல் மாட்டிய பறைகள் கடைக்கு வந்துவிட்டன. அவற்றுக்குத் தீக்காட்டல் தேவையில்லை, மழைக்கும் தளராது. பள்ளிப் பிள்ளைகள் பழக அது போதும். கம்பத்தடியில் அந்தக் குரல் போதாது என்று பழகிய காது சொல்லிவிடும். ஆகவே செய்பவரையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

தொடங்குவதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. கொங்கு ஊர்களில் நோம்பி அழைப்பிதழ் தடித்த தாளில், பல மடிப்பாக அச்சாகிறது. கட்டளைதாரர், உபயதாரர், ஊர்ப் பெரியதனக்காரர், அன்னதானத்துக்கு அரிசி கொடுத்தவர், மைக் செட், பந்தல், பூ அலங்காரம், நாதஸ்வரக் குழு வரை எல்லோருக்கும் பெயர் உண்டு. கம்பம் ஆட்டம் என்ற வரிக்கு நேரே "தாரை தப்பட்டை முழங்க" என்று மட்டும் இருக்கும். அந்த வரிக்குக் கீழே எந்த ஊர் வளவு, குழுத்தலைவர் யார், தப்பட்டை யார், திடும் யார், உருமி யார் என்று அப்பா பெயரின் முதலெழுத்தோடு போட, அச்சகத்தில் கூடுதலாக இரண்டு வரி ஆகும். அடுத்த பங்குனிக்கான கமிட்டிக் கூட்டம் தை மாதத்திலேயே கூடிவிடும். அழைப்பிதழ் மெய்ப்பு பார்க்கும்போது அந்தக் குழுத்தலைவரையும் கூப்பிட்டு, தன் ஆட்களின் பெயர்களில் எழுத்துப்பிழை இல்லாமல் அவரே சரிபார்க்கும்படி நாற்காலி போட்டு உட்காரவைக்கலாம்.